ரசமட்டம் பார்த்த கடல்

கடலோரத்தில் சும்மா இருக்கப் போகிறேன் என்று உண்மையைச் சொன்னவருக்கு விடுப்பு மறுக்கப்படுகிறது. உயிரோடிருக்கும் உறவினர் இறந்துவிட்டதாக எழுதினால் பத்து நிமிடத்தில் கிடைக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில், சமூகப்பணி படித்துவிட்டு, தொழிலாளர் நல அலுவலர் என்று பெயர்ப்பலகை வைத்து உட்கார்ந்திருப்பவனின் வேலைதான் என்ன? ரசமட்டம் அண்ணன் கிளப்பிய இந்தக் கேள்வி இன்னும் என் கழுத்தை விடவில்லை.

ஓசூர் தொழிற்பேட்டை முழுவதும் தேடினாலும் அவரைப்போலக் கோபப்பட ஆள் கிடையாது. எங்கள் தொழிற்சாலையில் இயந்திரங்களை மட்டம் பார்த்து நிறுத்துவது அவர் வேலை. நடுவில் குமிழி ஓடும் சின்ன ரசமட்டம் ஒன்று எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும். பெயரும் அதனால் வந்ததுதான். டீக்கடை மேசையில் வைப்பார், கல்யாணப் பந்தியில் வைப்பார். ஒருமுறை மேலாளரின் மேசையிலேயே வைத்து, "சார், நீங்க ஒரு பக்கமா சாஞ்சிருக்கீங்க" என்றார். அவருடைய கோபம் தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் சூடேறி, கன்னடத்தில் வெடிக்கும்.

பிரேசிலிலிருந்து இயந்திரம் நிறுவ வந்த பொறியாளர் ஒருவர், ஒரு மாதம் இவரிடம் மூன்று மொழிகளிலும் திட்டு வாங்கிவிட்டு, இவர்மேல் பெரும் பிரியம் கொண்டு ஊர் திரும்பினார். போகும்போது, தன் அம்மா வீடு ஒரு கடலோர ஊரில் இருக்கிறதென்றும், முதுகில் ஒரு பையோடு வந்து ஊரை நடந்தே சுற்றலாமென்றும் அழைத்தார். அண்ணன் மறுநாளே பயிற்சியில் இறங்கினார். வேப்பனப்பள்ளியில் சித்தப்பா தோப்பு மாங்காயைப் பை நிறைய அடைத்து, பேருந்து நிலையத்திலிருந்து தொழிற்சாலைக்கு நடந்தார். வாசல் காவலர் முதல் கேன்டீன் சமையல்காரர் வரை ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொண்டதில் மாலையில் பை காலி.

"வெயிட்டு பூராவும் தின்னுட்டீங்களேடா! பிரேசில்ல கால் வலிச்சா நீங்களா வந்து அமுக்கிவுடப் போறீங்க?"

டிக்கெட் எடுத்தார். விடுப்புப் படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில், "பிரேசிலில் ஒரு கடலோர ஊரில் பை மாட்டிக்கொண்டு நடக்க. மற்றபடி சும்மா" என்று எழுதினார். மேலாளர் சிவப்பு மையில் குறுக்கே கோடிட்டுத் திருப்பினார்.

எங்கள் வழக்கம் அனைவரும் அறிந்ததே. நீண்ட விடுப்பு சாவுக்கு மட்டும். ஒரே பெரியப்பாவை நான்கு முறை எரித்தவர்கள் எங்களிடம் உண்டு. எரித்தவருக்கும் தெரியும், அனுமதித்தவருக்கும் தெரியும். வெட்கம் மட்டும் எவருக்கும் இல்லை.

"அண்ணா, சித்தப்பா தவறிட்டார்னு ஒரு வரி எழுதிடுங்க" என்றேன்.

"எங்க சித்தப்பா மரத்து மேல ஏறி மாங்கா பறிச்சிட்டு இருக்கறாரு. அவரக் கொன்னுட்டு நான் கடல்ல குளிக்கறதா? நீங்கெல்லாம் என்னத்தங்க சார் படிச்சீங்க?"

விளைவுகளை எடைபோடுவது என் பழக்கம். அன்றும் போட்டேன். உண்மையால் பயணம் கெடும். பொய்யால் யாருக்கும் நட்டமில்லை. அவருக்குத் தெரியாமல், கணினியில் நானே சித்தப்பாவைக் கொன்றேன். அனுமதி வந்தது. "பாத்தீங்களா? நேராக் கேட்டா குடுப்பாங்க சார்!" என்று தொழிற்சாலை முழுக்கப் பெருமை பேசிவிட்டுக் கிளம்பினார். நான் தலைகுனிந்து சிரித்தேன்.

சாவு விடுப்பு என்றால் தொழிற்சாலையிலிருந்து இறந்தவர் வீட்டுக்குப் பூமாலை போகும். கொண்டுபோவது என் வேலை. போனதாக எழுதிக்கொள்ளலாம் என்றிருந்தேன். ஆனால் அந்த வாரம் மேலாளருக்கு வேப்பனப்பள்ளிப் பக்கம் ஏதோ வேலை. போகிற வழியில் தானே மாலையுடன் இறங்கிவிட்டார்.

"யாருக்குங்க மால?" என்றாராம் வாசலில் நின்ற பெரியவர்.

"இந்த வீட்டுச் சித்தப்பாவுக்கு. போன வாரம் தவறிட்டாராமே."

"அது நாந்தாங்க" என்று மாலையை வாங்கித் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டார் அவர். "ஒக்காருங்க. காப்பி குடிச்சிட்டுப் போங்க."

தெரிந்த பொய்தான் என்றாலும், கழுத்தில் மாலையோடு எதிரே வந்து நின்றதை மேலாளரால் விழுங்க முடியவில்லை. அங்கிருந்தே பிரேசிலில் இருந்த அண்ணனுக்கு போன் போட்டார். பொய் சொல்லி விடுப்பு, உடனே திரும்பாவிட்டால் வேலை இல்லை. பத்து நாள் இருக்க வேண்டிய ஊரில் நான்கே நாள் இருந்துவிட்டு அண்ணன் வந்து சேர்ந்தார். முதுகுப் பையோடு நேரே என் அறைக்குள் வந்து நின்றார். செருப்பில் மணல் ஒட்டியிருந்தது.

"உங்கள யாரு சார் எழுதச் சொன்னது? ஆங்?"

பையைக் கழற்றி என் மேசைமேல் போட்டார்.

"அந்த ஊர்ல கடையத் தொறந்து போட்டுட்டு, தூளி மாதிரி கட்டி அதுல தூங்கறான் சார் கடக்காரன். எழுப்புனா, நீயே எடுத்துக்கன்னு கை காட்டறான். அவன் டேபிள்ல ரசமட்டத்த வச்சன். குமிழி ஒரேயடியா ஓரத்துக்கு ஓடுது. காலுக்கடியில அட்ட மடிச்சுக் குடுக்கலாம்னு குனிஞ்சா, கெடக்கட்டும் உடுங்கறான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! நாலு நாளு, அந்த மணல்ல, அந்தத் தெருவுல, பையோட நடந்தன். ஒருத்தன், ஒரே ஒருத்தன்கூட, எதுக்கு வந்தன்னு கேக்கல சார்."

குனிந்து செருப்பு மணலைத் தட்டினார். "இங்க கால வச்சதும் மொதல்ல, எதுக்குப் போனன்னுதான் கேக்கறாங்க."

விசாரணையில், பொய் என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். அவர் வேலை தப்பியது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. என் அறை கேன்டீன் மூலைக்குப் போனது. மூன்று மாதம் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு ஒரு மதியம் வந்து, என் மேசைமேல் ரசமட்டத்தை வைத்தார். பார்த்தார். பல்லைக் கடித்தார். குனிந்து மேசைக்காலுக்கு அட்டை கொடுத்தார்.

"கோணல்ல ஒக்காந்தா கோணலாத்தான் எழுத வரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதன்பிறகு நான் எவரையும் கொன்றதில்லை. ஆட்கள் சொல்லும் காரணத்தை அப்படியே எழுதி அனுப்புகிறேன். பாதி திரும்பி வருகிறது; கோபத்தோடு மறுபடி அனுப்புகிறேன். இப்போது மேலாளர் மேசையில் ரசமட்டம் அண்ணனின் புதிய படிவம் இருக்கிறது, அதனடியில் என்னுடையதும். இரண்டிலும் காரணம் ஒன்றுதான்: அந்த ஊரில் மீதி ஆறு நாள்.