பரிந்துரை மட்டும்

இனி அநாவசியத்துக்கு இடமில்லை என்று தெய்வசிகாமணி தீர்மானித்தார். முப்பத்தொரு வருடம் குடியிருந்த குவார்ட்டர்ஸை சனிக்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும். ரிட்டையரானபோது வந்த பணம் மகள் கல்யாணத்தோடு தீர்ந்துபோயிற்று. வடலூரில் பிடித்திருப்பது ஒரே அறை.

சுரங்க அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பராமரித்தவர். சுவரில் ஒரு தாளை ஒட்டினார். மூன்று பத்தி: கட்டாயம், பரிந்துரை, விருப்பம்.

"என்னங்க இது?" என்றாள் மனைவி செங்கமலம்.

"லினக்ஸ் கம்ப்யூட்டர்ல ஒரு மென்பொருள ஏத்தினா, தொணைக்கு வேற மென்பொருளையும் கூட்டிக்கினு வரும். சிலது கட்டாயம். இல்லாட்டி ஓடாது. சிலது பரிந்துரை. வழக்கமா எல்லாரும் வச்சிருப்பாங்க, இல்லாட்டியும் ஓடும். மிச்சம் விருப்பம். பேர மட்டும் சொல்லும், தானா ஏறாது. நான் எப்பவும் பரிந்துரை வேணாம்னுதான் ஏத்துவேன். மெஷின் காத்தாட்டம் இருக்கும்."

"அப்படி ஏத்தித்தான ஒருவாட்டி ஷிப்ட் லிஸ்ட்டு பூரா கட்டம் கட்டமா அச்சாச்சு?"

"தமிழ் எழுத்து பரிந்துரைல கெடந்துது. நான் கவனிக்கல."

"எந்த ஷிப்டுனு தெரியாம அத்தன பேரும் கேட்ல நின்னாங்க. ஆனா ஓடிச்சு. நல்லாவே ஓடிச்சு."

அவள் தாளைப் படித்தாள். கட்டாயத்தில் அரிசி, அடுப்பு, பாய், அவருடைய பழைய கம்ப்யூட்டர். விருப்பத்தின் கடைசி வரியில் அவளுடைய தையல் மெஷின்.

"இத யாரு முடிவு பண்றது?"

"மென்பொருளப் பொட்டலம் கட்டுறவங்க."

"என் மெஷினு?"

"இப்ப வேணாம். தேவப்பட்டா அப்பறமா எடுத்துக்கலாம்."

செங்கமலம் சண்டை போடவில்லை. அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை குவார்ட்டர்ஸை ஒப்படைக்க எஸ்டேட் ஆபீஸில் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பினார். வீட்டுக்குள் கூப்பிட்டால் எதிரொலிக்கும்போல் இருந்தது. காலண்டர் தொங்கிய இடம் மட்டும் கரி படியாமல் வெள்ளையாக நின்றது. வாசலில் மினி லாரி. தையல் மெஷின் முதலில் ஏறி, கயிற்றுக்குள் பத்திரமாக இருந்தது. அவருடைய கம்ப்யூட்டர் வேப்பமரத்தடியில் கிடந்தது.

"என்ன இது?"

"பொட்டலம் நான்தான கட்டினேன்." அவள் ஒரு தாளை நீட்டினாள். அதே மூன்று பத்தி, அவள் கையெழுத்தில். "ஜாக்கெட்டு தெக்காம வாடக இல்ல. வாடக இல்லாம வூடு இல்ல. வூடு இல்லாம உங்க அரிசிய எங்க கொட்டுறது?"

கட்டாயத்தின் முதல் வரி தையல் மெஷின். அவர் கீழே தேடிக்கொண்டே போனார். தன் பெயரைக் காணவில்லை. விருப்பத்திலும் இல்லை.

"நான் எங்க?"

"நடுவுல பாருங்க."

பரிந்துரை: வீட்டுக்காரர்.

"வழக்கமா எல்லா வூட்லயும் இருக்குமில்ல," என்றாள்.

டிரைவர் வேலுமணி வண்டியைக் கிளப்பினான். அவள் ஏறி உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் தைக்க வந்த துணி மூட்டையை வைத்தாள்.

"அப்ப நான் எப்படி வர்றது?"

அவள் கதவைச் சாத்தினாள்.

"இப்ப வேணாங்க. தேவப்பட்டா அப்பறமா எடுத்துக்கலாம்."