முள் அசையாத நான்கு மாதங்கள்

அன்பும் மதிப்பும் என்றும் குறையாத அக்காவுக்கு,

உன் ஒரே தம்பி வணங்கி எழுதிக்கொண்டது. அத்தானின் இடுப்பு வலியும் உன் இரத்த அழுத்தமும் அடங்கி ஒடுங்கி இருக்க வேண்டுகிறேன். அடுத்த வரியில் இங்கே யாவரும் சுகம் என்று எழுத வேண்டும். அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். படித்து முடித்துவிட்டு எது பொருந்துமோ நீயே நிரப்பிக்கொள். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் மீதியை நீ சொல்லி முடித்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். என் மகள் எடை குறைப்பதற்கு அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். இருபத்து நான்கு வயதில் யோசிக்க வேறு விஷயமா இல்லை. இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு மீதியை ஒரு வாழைப்பழம் அளவுக்குத் தைத்து விடுவார்களாம். பதினெட்டாம் தேதி என்று டாக்டர் நாள் சொல்லிவிட்டார். இவள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. காரணம் இல்லாமலும் இல்லை. அவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிற அறை ஓர் அலமாரி அளவுதான் இருக்கும். மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே புகுந்து போக மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்கிறாள். முழங்கால் வலி, சர்க்கரை இரண்டும் வந்துவிட்டன. தூக்கத்தில் மூச்சு அடிக்கடி நின்று நின்று வருவதால் பகலில் கண் சொருகுகிறது. போன வாரம் ஒருவர் கடைசி வரி வரைக்கும் எழுத்துகளைப் படித்துவிட்டு, 'சரியா மேடம்?' என்று மூன்று முறை கேட்டிருக்கிறார்; இவள் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தாளாம். என் மனைவி, 'அவ உடம்பு, அவ முடிவு. நாம கூட நின்னா போதும்' என்று ஒரே வாக்கியத்தில் கட்சி மாறிவிட்டாள்.

இதில் உனக்கு என்ன வந்தது என்று கேட்பாய். வந்தது எல்லாமே என்னால்தான் அக்கா. இதுவரை யாரிடமும் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன், அத்தானிடம் கடிதத்தைக் காட்டாதே. அவளுக்குப் பதினேழு வயது இருக்கும்போது நீ இங்கே வந்திருந்தாய். கையிலிருந்த பையைக்கூடக் கீழே வைக்காமல், 'என்னடி, நல்லா பூசினாப்பல ஆயிட்டே' என்றாய். உன்மேல் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆனால் எழுதாமலும் இருக்க முடியவில்லை. அன்றிலிருந்து அவள் தினமும் காலையில் குளியலறையில் இருந்த எடை மெஷினில் ஏறி நின்றுவிட்டு, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தில் வெளியே கேட்காது என்று நினைப்பு. எனக்குக் கேட்டது. நான் யார்? முப்பத்தொரு வருடம் எடையளவு ஆய்வாளராக வேலை பார்த்தவன். தராசுத் தட்டின் அடியில் காந்தம் ஒட்டியவன், படிக்கல்லின் வயிற்றைக் குடைந்தவன் என்று எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்தவன். பழைய இரும்பு வாங்கும் ஒருவர் செய்திருந்த வேலை மட்டும் என்னை அசத்திவிட்டது. காலியாக இருக்கும்போது முள் ஒழுங்காகப் பூஜ்யத்தில் நிற்கும், பாரம் ஏறினால்தான் குறைத்துக் காட்டும். எல்லாம் உள்ளே இருந்த ஒரே ஒரு திருகின் கைங்கரியம். அவருக்கு அபராதம் போட்டேன், திருகை மனத்தில் வைத்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் பெண்ணும் வெளியே போயிருந்தபோது குளியலறை மெஷினைக் கவிழ்த்துப் போட்டு அதே வேலையைச் செய்தேன். மறுநாள் அவள் ஏறி நின்றபோது நாலரை கிலோ குறைவாகக் காட்டியது. வெளியே ஓடி வந்து, 'அப்பா, குறைஞ்சிருக்கு' என்றாள். அந்த முகத்தைப் பார்த்த எந்தத் தகப்பனும் அந்தத் திருகை மறுபடி தொட்டிருக்க மாட்டான்.

தொடாமலே இருந்திருக்கலாம். அதோடு விட்டிருந்தால் நான் வெறும் பொய்யனாகத்தான் இருந்திருப்பேன். அவளுக்கு இருபது வயதில் இந்தக் கடையில் வேலை கிடைத்தது. நான்கு மாதம் கழித்துச் சேர வேண்டும், சேரும்போது மருத்துவப் பரிசோதனை உண்டு என்றார்கள். அங்கே எடை பார்ப்பார்களே, குட்டு உடைந்துவிடுமே என்று பயந்தேன். அதே வாரம் அவள் நடக்க ஆரம்பித்தாள். தினமும் விடியற்காலையில் ஆறு கிலோமீட்டர்; மழை பெய்தால் மாடிப்படியில் ஏறி இறங்கினாள். அப்போது அவள் உண்மையில் நூறு கிலோ. பாரம் கூடக் கூடத் திருகின் பொய்யும் ஐந்தரை கிலோவாக வளர்ந்து, மெஷின் தொண்ணூற்று நாலரை என்று சொல்லிக்கொண்டிருந்தது. அவள் குறையக் குறைய நான் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்துகொண்டு வந்தால் யாருக்கும் தெரியாது, யாருக்கும் வலிக்காது என்பது என் மேதாவித்தனம். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு சிறு திருகல். அக்கா, அவள் நான்கு மாதத்தில் ஐந்தரை கிலோ குறைந்தாள், நான் நான்கு மாதத்தில் ஐந்தரை கிலோ திருத்தினேன். முள் தொண்ணூற்று நாலரையை விட்டு ஒரு கோடுகூட நகரவில்லை. மூன்றாவது மாதம் அவள் என்னைக் கேட்டாள்: 'சட்டையெல்லாம் லூசா இருக்கேப்பா, மெஷின் சரியாத்தான் இருக்கா?' துவைத்துத் துவைத்துத் துணி நெகிழ்ந்திருக்கும் என்றேன். நான்காவது மாதக் கடைசியில் மறுபடி கேட்டாள். 'நானே படிக்கல்லு வெச்சு சோதிச்சேன்மா, துல்லியமா இருக்கு' என்றேன். அன்றைக்கு அது உண்மை. அதுதான் என்னை இன்றுவரை அரித்துக்கொண்டிருக்கிறது. பரிசோதனையிலும் தொண்ணூற்று நாலரை என்றே எழுதினார்கள். இனிமேல் குறைவதெல்லாம் தெரியும், இன்னும் ஒரே ஒரு வாரம் பொறுத்துக்கொள் என்று நான் மனத்துக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அந்த வாரமே அவள் ஷூவைக் கழற்றி அலமாரியின் மேல் வீசிவிட்டாள். அதன்பிறகு நடக்கவே இல்லை. இப்போது நூற்றுப் பன்னிரண்டு.

ஆஸ்பத்திரியில் நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். டாக்டர் நல்ல மனிதர், சிரித்த முகம். நான் என்ன வேலை பார்த்தேன் என்று விசாரித்துவிட்டு, 'அப்ப எங்க மெஷினை ஒரு தடவை பாத்துடுங்க சார்' என்று விளையாட்டாகச் சொன்னார். என்னிடம் அப்படிச் சொல்லலாமா? முட்டி போட்டுக் குனிந்து பார்த்தேன். எடை சரி என்று எங்கள் துறை குத்துகிற முத்திரை காலாவதியாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. எனக்கு எங்கிருந்துதான் தெம்பு வந்ததோ, 'இந்த எடை சட்டப்படி செல்லாது டாக்டர், அதனால ஆபரேஷனும் செல்லாது' என்று வாதாடினேன். அவர், 'சரி சார், நூத்திப் பதினொண்ணுன்னு வெச்சுக்கலாமா?' என்றார். 'அப்பா, வந்து உக்காருங்க' என்றாள் மகள். உட்கார்ந்தேன். அப்புறம்தான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்: இதுக்கு முன்னாடி எடை குறைக்க என்ன முயற்சி பண்ணீங்க? 'நாலு மாசம் தினமும் ஆறு கிலோமீட்டர் நடந்தேன் டாக்டர். ஒரு கிராம்கூட குறையல. என் உடம்புக்கு அதெல்லாம் ஒத்து வராது' என்றாள். டாக்டர் அதைக் கோப்பில் எழுதினார். பேனா ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாயைத் திறந்தேன், தண்ணீர் வேண்டும் என்று கேட்டேன். அவ்வளவுதான் என் வீரம்.

சொல்ல முயலவில்லை என்று நினைக்காதே, இரண்டு முறை முயன்றேன். முதல் தடவை, பேசினால் நாக்கு குழறும் என்று எழுதிவைத்தேன். பழக்க தோஷத்தில் 'பொருள்: எடைக் கருவியில் முறைகேடு செய்தது தொடர்பாக' என்று ஆரம்பித்துவிட்டேன். அது என் மனைவி கையில் சிக்க, அவள் ஓய்வு பெற்றவன்மேல் அலுவலகம் வழக்குப் போட்டுவிட்டது என்று ஒரு மூச்சு அழுதாள். அவளைத் தேற்றுவதற்காக அதைக் கிழித்துப் போட்டேன். அடுத்த முறை, நடந்துகொண்டே சொல்வது சுலபம் என்று மகளை மாலையில் நடக்கக் கூப்பிட்டேன். பத்தாவது நிமிடம் எனக்கு மூச்சு வாங்கவே, அவள்தான் என்னைக் கடைப்படியில் உட்கார வைத்து, தண்ணீர் வாங்கிக் கொடுத்து, வண்டி பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். 'உங்களுக்கு ஒத்து வராததை எதுக்குப்பா பண்றீங்க?' என்றாள். அதற்குமேல் எப்படிச் சொல்வேன்?

ஆகவே அக்கா, இந்தக் கடிதம் கண்டதும் புறப்பட்டு வா. உன் வாய்க்கு அவள் கொஞ்சம் பயப்படுவாள். அவள் உடம்பு நடந்தால் குறைகிற உடம்புதான், கெடுத்தது உன் அப்பன் என்று நீ பக்குவமாகச் சொல். உண்மை தெரிந்துவிட்டால் நிச்சயம் அறுவை சிகிச்சை வேண்டாம் என்பாள். மறுபடி ஷூவை மாட்டுவாள். அவள் வயிற்றைக் கிழிக்கக் காரணமானவன் என்ற பெயரோடு நான் எப்படிக் காலம் தள்ளுவேன்? என்னோடு பேசாமல் போனாலும் பரவாயில்லை. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அத்தானின் காலில் விழுந்ததாகச் சொல். குழந்தைகள் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழட்டும். உன் வீட்டில் எடை மெஷின் இருந்தால் தூக்கி எறிந்துவிடு.

இப்படிக்கு,
உன் ஆசி வேண்டும் தம்பி

பின்குறிப்பு: மேலே செய்யச் சொன்ன எதையும் செய்யாதே. இந்தக் கடிதம் மூன்று நாள் என் சட்டைப் பையிலேயே கிடந்தது. கோப்பில் தவறான தகவல் கிடப்பது பொறுக்காமல் நான் தனியாக டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. 'அஞ்சரை கிலோ குறைஞ்சிருந்தாலும் என் யோசனை மாறாது சார். இந்த எடையில குறையிறது பெரும்பாலும் திரும்ப வந்துடும். அது சோம்பேறித்தனம் இல்ல, உடம்போட குணம். ஆனா இதை எங்கிட்ட ஏன் சொல்றீங்க?' என்றார். நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போனேன். நான் கண் பார்க்க வந்திருக்கிறேன் என்று மகள் நினைத்து, நாற்காலியில் உட்கார வைத்து, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிற கனத்த சட்டத்தை மூக்கில் மாட்டி, கண்ணாடி வில்லையைப் போட்டாள். எதிரில் இருந்தவள் கலங்கலாகப் போய்விட்டாள். முகம் தெரியாததால் சொல்லிவிட்டேன், திருகு முதல் ஷூ வரைக்கும். டாக்டர் சொன்னதையும் மறைக்கவில்லை.

'எவ்வளவு?' என்றாள். 'அஞ்சரைம்மா.' 'அஞ்சா, அஞ்சரையா?' 'அஞ்சரை.' 'அப்ப எனக்குக் குறையும்' என்றாள். அறுவை சிகிச்சைக்குப் பிறகும் வாழ்நாள் முழுக்க நடக்க வேண்டுமாம். நடந்தால் குறையாத உடம்பை வைத்துக்கொண்டு வயிற்றை மட்டும் வெட்டி என்ன பயன் என்று பயந்துதான் இத்தனை நாள் கையெழுத்துப் போடாமல் இருந்தாளாம். அன்று மாலையே போட்டுவிட்டாள். எதை நிறுத்த வேண்டும் என்று உன்னைக் கூப்பிட்டேனோ, அதை நானே முடித்து வைத்துவிட்டேன். கூட வரலாமா என்று கேட்டேன். 'வாங்க. ஆனா எந்த மெஷினையும் குனிஞ்சு பாக்கக் கூடாது' என்றாள்.

சட்டத்தைக் கழற்றும்போதுதான் அவள் கண்ணைப் பார்த்தேன். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். 'அப்பவே தெரிஞ்சிருந்தா ஆபரேஷன் தேவைப்பட்டிருக்காதான்னு எனக்குத் தெரியாதுப்பா. ஆனா அன்னிக்கு ஒரு நாளாவது சந்தோஷமா இருந்திருப்பேன்' என்றாள். அக்கா, பதினெட்டாம் தேதி காலை ஏழு மணிக்கு உள்ளே அழைத்துப் போகிறார்கள், முந்தின நாளே வந்துவிடு.