நாலு சக்கரமும் இழுக்குமாம்!

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. இந்த வீட்டில் மனிதர்கள் மூவரும் சுகம். உன் வீட்டிலும் எல்லோரும் சுகமாகத்தான் இருப்பீர்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஏனென்றால் உன் வீட்டில் கார் கிடையாது.

கார் வைத்திருக்காத நீ, ஓட்டவும் தெரியாத நீ, பத்து மாதத்துக்கு முன்னால் எங்கள் கூடத்து சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, கைப்பேசியைப் பார்த்துப் படித்தது இன்னும் என் காதில் இருக்கிறது. "அக்கா, மத்த வண்டியெல்லாம் ரெண்டு சக்கரம் இழுத்துதான் ஓடுது. இது ஆல் வீல் டிரைவ். நாலு சக்கரமும் இழுக்கும். சேறு, மணல், மலை, எதுக்கும் நிக்காது. நூத்துக்குத் தொண்ணூத்தாறு ஓனருங்க நம்பகமான வண்டின்னு எழுதியிருக்காங்க." மீதி நாலு பேர் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று நான் அப்போதே கேட்டேன். "அவங்க ஓட்டத் தெரியாதவங்க அக்கா" என்றாய். அந்த நாலு பேரின் விலாசம் இருந்தால் அனுப்பி வை. நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

எங்கள் வீட்டுக்கும் உன் அத்தானின் பள்ளிக்கூடத்துக்கும் என் அச்சகத்துக்கும் இடையே சேறும் இல்லை, மணலும் இல்லை. இரண்டு சிக்னலும் ஒரு வேகத்தடையும்தான் இருக்கின்றன. உன் பேச்சைக் கேட்டு வாங்கிய இரண்டாவது வாரமே, அந்த வேகத்தடையைத் தாண்டியதும் முன்பலகையில் எட்டு விளக்குகள் ஒன்றாக எரிந்தன. பச்சை, மஞ்சள், சிவப்பு, நடுவில் வழுக்கி விழுகிற காரின் படம் ஒன்று. நான் இருபத்தாறு வருஷமாகப் பிழை திருத்துகிறவள். கையேட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். நாற்பத்தொரு எழுத்துப்பிழை. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், "விளக்குகள் அனைத்தும் எரிந்தால் பதற்றமின்றி வண்டியை நிறுத்தவும்" என்று போட்டிருந்தது. நிறுத்துவதற்கு நாங்கள் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அது தானே நின்றிருந்தது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, பெட்ரோல் மூடியைச் சரியாகத் திருகவில்லை என்றார். மூடி திறந்திருப்பதைச் சொல்ல எட்டு விளக்கா தம்பி? நம் அம்மா கதவு திறந்து கிடந்தால் ஒரு சத்தம்தான் போடுவாள், தெருவுக்கே கேட்கும்.

அடுத்த மாதம் ஒரு ஆணி. உலகத்தில் எல்லா வண்டிக்கும் குத்துகிற அதே ஆணி. டயர் ஓரத்தில் கிழிந்துவிட்டது, ஒன்றை மாற்றுங்கள் என்றேன். "ஒண்ணு மாத்த முடியாதும்மா, நாலையும் மாத்தணும்" என்றார் கடைக்காரர். "மூணு நல்லாத்தானே இருக்கு?" என்றேன். "நாலும் ஒரே உயரம் இருந்தாத்தான் இந்த வண்டி ஒத்துக்கும். இல்லேன்னா அடியில நாலு சக்கரத்தையும் சேக்கற கியர் பெட்டி போயிடும்." இயற்பியல் ஆசிரியரான உன் அத்தான் அங்கேயே முட்டி போட்டு, சாக்பீஸால் தரையில் இரண்டு வட்டம் வரைந்து, சுற்றளவு வேறுபட்டால் என்னவாகும் என்று எனக்கும் கடைக்காரருக்கும் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். அவருக்கு அவமானமே இல்லை. வண்டி பழுதானால் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வருகிறது, நல்ல கேள்வி கேட்கிற மாணவனைப் பார்த்த மாதிரி.

மெக்கானிக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். எதைக் கேட்டாலும் "பொறுங்க" என்பார். அதனால் வீட்டில் அவருக்குப் பெயரே பொறுங்க. அவர் பட்டறையில் ஒரு நீள பெஞ்சு. அதில் எப்போதும் நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள்: ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், பல் டாக்டரம்மா ஒருவர், இரட்டைக் குழந்தைகளோடு ஒரு அப்பா. எல்லோருக்கும் இதே வண்டி. நான் முதல் தடவை போனபோது நீதிபதி நகர்ந்து இடம் கொடுத்து, "என்ன, பின்னாடி 'ம்ம்ம்'னு சத்தமா?" என்று விசாரித்தார். ஆமாம் என்றேன். "பேரிங். அடுத்தது எண்ணெய் ஒழுகும்" என்று தீர்ப்புச் சொன்னார். ஒழுகியது. இப்போது உன் அத்தான் வண்டி ஓடுகிற நாளிலும் அங்கே போகிறார். கேட்டால், "சும்மா எல்லாரையும் பாத்துட்டு வரேன்" என்கிறார்.

இதையெல்லாம் நான் பொறுத்தேன். பொறுக்க முடியாததை இப்போது எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

உன் மருமகள் மாட்டு வைத்தியம் படித்து முடித்து எட்டு மாதம் வீட்டில் இருந்தாள் என்பது உனக்குத் தெரியும். மலைமேல் இருக்கிற கால்நடைப் பண்ணையிலிருந்து நேர்காணலுக்குக் கடிதம் வந்தது. காலை பத்து மணி. ஒரே ஒரு வேலை. நான் பஸ்ஸில் போகலாம் என்றேன். நீதான் போனில், "பஸ்லயா? அக்கா, மலைக்குன்னே செஞ்ச வண்டியை வாசல்ல வெச்சுக்கிட்டு!" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பையும் நான் குறித்து வைத்திருக்கிறேன்.

ஆறு மணிக்குக் கிளம்பினோம். ஏழாவது வளைவில் பின்னால் கரகரவென்று ஒரு சத்தம், ரப்பர் தீய்கிற வாசனை, அதோடு நாலு சக்கரமும் சேர்ந்து நின்றுவிட்டன. இழுப்பதில் காட்டாத ஒற்றுமையை நிற்பதில் காட்டின. நாங்கள் போக வேண்டிய பஸ் நிரம்பி வழிந்தபடி எங்களைத் தாண்டிப் போனது. கை காட்டினோம்; நிற்கவில்லை. அப்புறம் இழுவை வண்டிக்காரர் வந்தார், குனிந்து பார்த்தார், தலையைச் சொறிந்தார். "இதை இழுக்கக் கூடாதும்மா. முன்னாடி தூக்கி இழுத்தா பின்னாடி உடையும், பின்னாடி தூக்குனா முன்னாடி. மொத்தமா மேல ஏத்துற பெரிய லாரிதான் வரணும்." எதையும் இழுக்கிற வண்டி என்றாயே, அதை யாராலும் இழுக்கவும் முடியாதாம்!

உன் அத்தான், "உண்மைதான், நாலு சக்கரமும் ஒரே தண்டுல..." என்று ஆரம்பித்தார். நான் திரும்பிப் பார்த்தேன். நிறுத்திக்கொண்டார். மகள் சான்றிதழ்ப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சாலை ஓரத்தில் நின்றாள். அவள் அழவில்லை. "பரவால்லம்மா, அடுத்த வருஷம் திரும்பக் கூப்பிடுவாங்க" என்று என்னைத் தேற்றினாள். தம்பி, அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மாட்டுத் தீவனம் ஏற்றிய லாரி ஒன்று நின்றது. டிரைவர் எங்களைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்தார். "அட, இதுவா?" என்றார், துக்க வீட்டில் பேசுகிற குரலில். "ஏறுங்க." உன் அத்தானைக் காவலுக்கு விட்டுவிட்டு, தவிட்டு மூட்டைகளுக்கு நடுவில் நானும் அவளும் உட்கார்ந்து போனோம். போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டு. முடிந்தது கதை என்றுதான் படியேறினேன். பார்த்தால், வராந்தாவில் நேர்காணலுக்கு வந்த மற்ற மூன்று பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்டர்வியூ எடுக்கற தலைவர் இன்னும் வரலைங்க" என்றார் பண்ணைக் குமாஸ்தா. "வர்ற வழியில வண்டி நின்னுடுச்சாம்."

"என்ன வண்டி சார்?" என்று கேட்டாள் மகள்.

அவர் எங்கள் வண்டியின் பெயரையே சொன்னார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு மணிக்கு ஒரு பால் வேனிலிருந்து தலைவர் இறங்கினார். சட்டைக் கையில் கிரீஸ். உள்ளே நடந்ததை அவள் சொல்லித்தான் தெரியும். "தலையில என்னம்மா தவிடுன்னு கேட்டாரும்மா. வண்டி பேரைச் சொன்னேன். பேனாவைக் கீழ வெச்சுட்டு, 'பின்னாடி கரகரன்னு வந்துச்சா?'ன்னார். 'ஆமா சார், ஏழாவது வளைவு'ன்னேன். 'எனக்கு ஒம்போதாவது'ன்னார். அப்புறம்தான் மாட்டைப் பத்திக் கேட்டாங்க. கன்னு போட்ட பசு எழுந்திருக்க முடியாம கிடந்தா என்ன செய்யணும்னு. எல்லாத்துக்கும் சரியாச் சொன்னேம்மா." வேலை அவளுக்குத்தான். போன வாரம் உத்தரவு வந்தது. உன் அத்தான், "ஒரு வகையில வண்டிக்கும் இதுல பங்கு இருக்கு" என்கிறார். இல்லை. பசுவை எழுப்பத் தெரிந்தவளுக்குக் கிடைத்த வேலை அது. வண்டியை எழுப்பத்தான் அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை.

ஆகவே இதனால் தெரிவிப்பது என்னவென்றால்: பெரிய லாரியில் இறக்கி, பொறுங்க ஒருவழியாக ஓடவைத்துக் கொடுத்த வண்டியை விற்பதற்குப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துவிட்டேன். விற்கிறவரை நீ இந்தப் பக்கம் வராதே. இனிமேல் கார், குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர் மோட்டார், சுற்றுகிற எதைப் பற்றியும் இந்தக் குடும்பத்தில் நீ வாய் திறக்கக் கூடாது. மற்றபடி உடம்பைப் பார்த்துக்கொள். உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசி. உனக்கு இந்தத் தடவை கிடையாது.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது வாசலில் மணி அடித்தது. வந்தவர் உன் மாமனார். விளம்பரத்தைப் பார்த்தாராம். உன் அத்தான் பொய் சொல்லத் தெரியாதவர்; பேரிங், எண்ணெய், அடிப்பெட்டி, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். உன் மாமனார் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "நம்ம மாப்பிள்ளை பாத்து எடுத்துக் குடுத்த வண்டிதானே? அப்புறம் என்ன? அவருக்குத் தெரியாத காரா?" என்று சாவியை வாங்கிக்கொண்டு, எங்கள் தெருவை மூன்று சுற்று சுற்றினார். அந்தப் பாழாய்ப்போன வண்டி அப்போது பார்த்து வெண்ணெய் மாதிரி ஓடியது. எடுத்துக்கொண்டு போயே விட்டார். எனவே மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிடு. அது மிக மிக நல்ல வண்டி. வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் எல்லோரையும் அதில் ஏற்றிக்கொண்டு நெடுந்தூரம் போகப்போகிறாராம், நீ முன்சீட்டாம். நடக்கத் தோதான செருப்பாகப் பார்த்துப் போட்டுக்கொள்.