மாமி, பூனை, ஒரு போத்தல் அச்சாறு

மணம் தெரியாதவனும் ருசி பார்க்க முடியாதவனும் அடுப்படிப் பக்கம் போகக் கூடாது. அந்த ரமழானில் நான் இரண்டுமாக இருந்தேன். நோன்பு என்பதால் வாயில் எதையும் வைக்க முடியாது. தடிமன் என்பதால் மூக்கு வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தது. இந்த இலட்சணத்தில் என் மனைவிக்கு அச்சாறு போட்டுக் கொடுக்கக் கிளம்பினேன். (வீரம் என்றால் இதுதான் என்று அப்போது நினைத்தேன்.)

அதைச் சொல்வதற்கு முன் என் மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் முசலிப் பக்கத்தவன். கலியாணம் முடித்துத் தாராபுரத்தில் பெண் வீட்டோடு வந்து இருந்தேன். மாமிக்கு என்மேல் கோபம் எதுவும் இல்லை. மரியாதைதான். அது கோபத்தைவிடக் கஷ்டமானது. அவருடைய உம்மா தன் மருமகன்களோடு நேரே கதைத்ததில்லை, ஆகவே இவரும் கதைக்க மாட்டார். நான் சாப்பிட உட்கார்ந்தால் கதவுச் சீலைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார்.

"பர்ஹானா, மருமகனுக்கு இன்னும் கொஞ்சம் கறி வேணுமா எண்டு கேள்."

பர்ஹானா என் மனைவி. எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பாள். சீலைக்கும் எனக்கும் நடுவில் நாலு முழம்கூட வராது.

"போதும் எண்டு மாமியிட்டச் சொல்லு," என்பேன்.

"போதுமாம், உம்மா."

"ஏனாம்? கறி சரியில்லையாமா?"

ஒரு கரண்டி கணவாய்க் கறிக்கு இவ்வளவு பேச்சுவார்த்தை. கலியாணமான நாளிலிருந்து இதே கதைதான். என் சொந்த உம்மா நான் பள்ளிக்கூடம் போகும் காலத்திலேயே மௌத்தாகிப் போனவர். அதனாலோ என்னவோ, ஒரு தடவையாவது மாமி என் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை ஏசமாட்டாரா என்று எனக்கு ஏக்கமாக இருந்தது. வெளியே சொல்ல வெட்கம். கந்தோரில் எழுதுவினைஞராக வேலை பார்க்கும் மனிதன் இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அந்த ரமழானில் பர்ஹானாவுக்கு ஏழு மாதம். அவளுக்கு நோன்பு இல்லை, ஆனால் எதைக் கொடுத்தாலும் வாய்க்குப் பிடிக்கவில்லை. ஒரு மத்தியானம், "இஞ்சருங்கோ, அச்சாறு தின்னோணும் போல கிடக்கு," என்று சொல்லிவிட்டுப் படுத்துத் தூங்கிப்போனாள். மாமி அச்சாறு போட்டால் மரக்கறியை வெட்டி, உப்புப் போட்டு, வெயிலில் வாட்டி, ஊறவைத்து எடுக்க ஒரு கிழமை ஆகும். பிள்ளைத்தாய்ச்சி ஒரு கிழமை பொறுப்பாளா? போனில் ஒரு சமையல் வீடியோவைத் தட்டினேன். ஒரு பெண்மணி சிரித்துக்கொண்டே வழி சொன்னார். வினாகிரியை ஒரு கொதி கொதிக்கவிட்டு, வெட்டிய மரக்கறிமேல் ஊற்றி, போத்தலை மூடி, பிரிட்ஜில் வைக்க வேண்டும். இரண்டு மணித்தியாலத்தில் அச்சாறு. இதற்குப் போய் இந்த உலகம் ஏன் ஒரு கிழமை மினக்கெடுகிறது என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

மாமா அஸர் தொழப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். நான் அடுப்படிக்குள் நுழைந்ததும் மாமி வழக்கம்போல் சீலைக்குப் பின்னால் மறைந்தார். உள்ளே இருந்தது நானும், அரிசிச் சாக்கின்மேல் படுத்திருந்த பூனையும் மட்டும்.

கரட், கெக்கரிக்காய், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் எல்லாவற்றையும் வெட்டத் தொடங்கினேன்.

சீலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஏய் பூனை, கரட்டை இப்பிடி விறகு மாதிரிக் கொத்தினா அது எப்ப ஊறுறது?"

பாவம் மாமி, பகல் முழுக்கப் பட்டினி கிடந்து தனியே புலம்புகிறார் என்று இரக்கப்பட்டேன். கடுகு, சீனி, உப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் சட்டியில் போட்டாயிற்று. வினாகிரியைத் தேடினால் தட்டில் இருந்த போத்தல் காலி. சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் கண்ணாடி அலுமாரி இருந்தது. திறந்தேன். மேல் தட்டில், வெள்ளைத் துணியில் சுற்றி, ஒரு வினாகிரிப் போத்தல். லேபிள்கூடக் கிழியவில்லை. வினாகிரிக்கே உடுப்புப் போட்டு வைக்கிறாரே, எவ்வளவு துப்புரவான மனுசி என்று மாமியை மனதுக்குள் பாராட்டினேன். (என் புத்திக்கு அன்றைக்கு லீவு.)

"பூனை! அலுமாரியில கை வைக்காதே!" என்றது சீலை.

பூனைக்குக் கை ஏது என்று அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும்.

"பூனை! அந்தப் போத்தலை எடுத்த இடத்தில வை! அல்லாஹ்வே, பர்ஹானா! எழும்பு புள்ள!"

பர்ஹானா எழும்பவில்லை. பூனையும் எழும்பவில்லை. மாமியை இந்தப் பூனை இவ்வளவு பாடுபடுத்துகிறதே என்று நினைத்து, அதை அலாக்காகத் தூக்கிக்கொண்டுபோய் முற்றத்தில் விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினேன். நல்ல மருமகன் செய்ய வேண்டிய காரியம் என்ற திருப்தியோடு திரும்பி வந்து, மூடியைத் திறந்து, போத்தலைச் சட்டிக்குமேல் சரித்தேன்.

மாமிக்கு இப்போது சொல்லிவிட யாருமே இல்லை. சீலை பறந்தது.

"மகன்! ஊத்தாதீங்கோ!"

முதல் தடவை. என் முகத்தைப் பார்த்து. அதுவும் மருமகன் என்றுகூட இல்லை, மகன் என்று. எனக்குக் கை கால் எல்லாம் விறைத்துவிட்டது. விறைத்த கையில் போத்தல் கவிழ்ந்தபடியே நின்றது. குளுக், குளுக், குளுக் என்று கடைசிவரைக்கும் சட்டிக்குள் இறங்கியது.

"அது ஸம்ஸம்," என்றார் மாமி.

அவருடைய தம்பி உம்ராவுக்குப் போய் மக்காவிலிருந்து கொண்டுவந்த புனிதத் தண்ணீர். சொந்தக்காரர்கள் எல்லோரும் தங்கள் பங்கை அன்றே குடித்து முடித்துவிட்டார்கள். மாமி மட்டும் தன் பங்கில் ஒரு மிடறுகூடக் குடிக்காமல், கழுவிக் காயவைத்த வினாகிரிப் போத்தலில் ஊற்றி வைத்திருந்தார்.

"பேரப்பிள்ளை பிறந்தா நாக்கில முதல் சொட்டு வைக்க எண்டு வச்சிருந்தனான், மகன்."

அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் ஆசைப்பட்டதும் அதற்குத்தானே. ஆனால் அவர் ஏசாமல், கடுகு மிதக்கும் சட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறக்கப் போகும் என் பிள்ளையின் முதல் பரக்கத்தை மிளகாய்த்தூளில் கரைத்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. "மாமி, தடிமன், மணம் தெரியேல்ல," என்று ஏதோ உளறினேன். மூக்கும் சேர்ந்து ஒழுகியது.

என் முகத்தைப் பார்த்த மாமிக்கு என்ன தோன்றியதோ தெரியாது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கிய விதத்தில்தான் சிரிக்கிறார் என்று புரிந்தது.

"பூனையைக் கொண்டுபோய் வெளியில விட்டீங்களே, மகன்," என்றார். "நான் யாரோட கதைச்சன் எண்டு நினைச்சீங்கோ?"

மாமா தொழுதுவிட்டு வந்ததும் வழக்கு அவரிடம் போனது. சட்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். "கொட்டேலாது. ஸம்ஸம் ஸம்ஸம்தான். சாப்பிட்டு முடிக்கத்தான் வேணும்," என்று தீர்ப்புச் சொன்னார். அதற்குப் பிறகு அடுப்படி மாமியின் கைக்குப் போயிற்று. "மகன், அந்தத் தேசிக்காயை எடுங்கோ. மகன், கரட்டை மெல்லிசா வெட்டுங்கோ. அது மெல்லிசா?" ஒரு வருட ஏச்சை அரை மணித்தியாலத்தில் வாங்கினேன். வினாகிரிக்குப் பதில் எட்டுத் தேசிக்காய் பிழிந்து, போத்தலில் அடைத்து, பிரிட்ஜில் வைத்தோம்.

பாங்கு சொன்னதும் எல்லோரும் பேரீச்சம்பழத்தில் நோன்பு திறந்தோம். அடுத்தது அச்சாறு. நான் தட்டை எடுத்துக்கொண்டு உட்காரப் போனேன்.

"எழும்புங்கோ," என்றார் மாமா. "ஸம்ஸம் கிப்லாவைப் பார்த்து நிண்டுதானே குடிக்கிறது. இதையும் நிண்டே தின்பம்."

ஆக, ஒரு குடும்பமே மக்கா இருக்கும் கிப்லாத் திசையை நோக்கி வரிசையாக நின்று, ஆளுக்கொரு துண்டு கரட்டைக் கையில் பிடித்தபடி துஆக் கேட்டது. ருசி பார்க்காமல் போட்ட உப்பு. நானும் போட்டிருந்தேன், எனக்குத் தெரியாமல் மாமியும் போட்டிருந்தார். கடல் தண்ணீரைக் கடித்தது போல இருந்தது. பர்ஹானா மட்டும் போத்தலில் பாதியைத் தின்றுவிட்டு விரலையும் சூப்பினாள். மாமி எல்லோருக்கும் கேட்கவே துஆக் கேட்டார்.

"யா அல்லாஹ், இந்தப் புள்ள வாப்பா மாதிரி அடுப்படிக்குள்ள வராமக் காப்பாத்து."

வெறும் போத்தலை மாமி எறியவில்லை. மூடியைப் பூட்டித் தலைகீழாக நிறுத்தி வைத்திருந்தார். அடுத்த நாள் பார்த்தால் மூடிக்குள் நாலைந்து சொட்டு இறங்கியிருந்தது. அதைக் கொதிநீரில் கழுவிய ஒரு சின்ன மருந்துப் போத்தலில் சேர்த்து, பிரிட்ஜில் அச்சாறுக்குப் பக்கத்தில் வைத்தார். அதன்மேல் ஒட்டிய கடதாசியில் பெரிய எழுத்தில், 'இது ஸம்ஸம். மகன் தொடக் கூடாது' என்று இருந்தது. அந்த இரண்டு மாதமும் தண்ணீர் எடுக்கப் பிரிட்ஜைத் திறக்கும் போதெல்லாம் அதை வாசித்தேன். ஒவ்வொரு தடவையும் வெட்கமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது.

மகள் பிறந்து வீட்டுக்கு வந்த அன்று, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மாமி அந்தச் சின்னப் போத்தலை என்னிடம் நீட்டினார்.

"நீங்களே வையுங்கோ, மகன்."

மூடியைத் திறந்தேன்.

"ஒரு சொட்டு," என்றார். "ஊத்தாதீங்கோ."

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் நான் எந்தப் போத்தலைத் தூக்கினாலும் இந்தக் கதைதான். கலியாண வீட்டில் சர்பத் ஊற்றப் போனால் நாலு பக்கத்திலிருந்தும் கத்துகிறார்கள். போன கிழமை ரோஜாக் கன்றுக்குத் தண்ணீர் விடச் செம்பைச் சரித்தேன். பின்னாலிருந்து குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். என் மகள், ஆறு வயது, மாமி மாதிரியே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"மகன்! ஊத்தாதீங்கோ!"