கத்தரிக்காய் மார்க் செருப்பு

786

ஜமுனாமரத்தூர்,
27-11-1959

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் ஜனாப் முக்தார் அகமது சாஹிப் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை ஃபக்ருன்னிசாவைக் கட்டிக்கொண்டு மலையேறிய அப்துல் கய்யூம் எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்டவன் கிருபையால் இங்கே நாங்கள் இருவரும் சுகம். வாணியம்பாடியில் தாங்களும், மாமியும், தோல் மண்டியும், தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கும் தோல்களும் சுகமாக இருக்க துஆ செய்கிறோம். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. காலையில் வாயைத் திறந்தால் பீடி குடிக்காமலேயே புகை வருகிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. தங்கள் தங்கைக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள் என்று பயம்.

தாங்கள் போட்ட கெடு எனக்கு மறக்கவில்லை. ரமலான் பிறை காண்பதற்குள் இந்தச் செருப்புக் கடை தன் காலில் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் கடையைப் பூட்டிவிட்டு வந்து மண்டியில் உங்களுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுத வேண்டும். அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. கடை ஏன் நிற்கவில்லை என்று போன முறை வந்தபோது தாங்களே கண்ணால் பார்த்தீர்கள். சந்தையில் திருப்பத்தூர் வியாபாரிகள் செருப்பைக் குவியலாகக் கொட்டுகிறார்கள். என் செருப்பும் டயர் அடி, தோல் வார். அவர்கள் செருப்பும் டயர் அடி, தோல் வார். என் செருப்பு நன்றாக உழைக்கிறது என்று சொல்லி, அடையாளம் தெரியாமல் ஜனங்கள் அவர்களிடம் போய் வாங்குகிறார்கள். அவர்கள் செருப்பு அறுந்து போனால் மட்டும் தவறாமல் என் கடைக்கு வந்து சண்டை போடுகிறார்கள். அதைப் பார்த்துத்தான் தாங்கள் சொன்னீர்கள்: “மாப்பிள்ள, பொடிக்கு மார்க் இருக்குது, பீடிக்கு மார்க் இருக்குது. உன் செருப்புக்கு ஒரு மார்க் வையி. நூறு செருப்புல உன்னுது தனியா தெரியணும்.” தெரிந்தது மச்சான். தெரிந்த அழகைத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் என் பேரையே போடலாம் என்றான் செருப்புத் தைக்கும் முனிசாமி. கய்யூம் என்பது ஆண்டவனின் திருநாமம், அதைக் காலடியில் போடுவதா என்று நான் காதைப் பொத்திக்கொண்டேன். சரி, வேலூரில் எல்லோரும் செய்வது போல ஒரு மிருகத்தைப் போடுவோம் என்று கடைக்கு வந்த வேடியப்பனிடம் யோசனை கேட்டேன். வேடியப்பன் இந்த ஊரில் கொஞ்சம் சாமை, கொஞ்சம் புளியமரம், நிறைய வாய் உள்ள குடியானவன். யானை என்றேன். “இன்னா பாய், புள்ளையார மிதிக்கச் சொல்றீங்களா?” என்றான். மயில் என்றேன். முருகன் என்றான். சேவல் என்றேன். அதுவும் முருகன்தானாம், கொடியில் இருக்கிறதாம். குதிரை என்றதும் எழுந்தே நின்றுவிட்டான். அவன் பேருக்குரிய வேட்டைச்சாமிக்கு மண்குதிரை செய்து வைத்துக் கும்பிடுகிறார்களாம். எலியைக்கூட விடவில்லை மச்சான். இந்த மலையில் சாமி ஏறாத மிருகமே கிடையாது. மிருகம் வேண்டாம், மரம், சூரியன் என்று போகலாம் என்றால் அதெல்லாம் ஏதாவது ஒரு கட்சிக்காரன் சுவரில் எழுதி வைத்திருக்கிறான். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது உள்ளே பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த தங்கள் தங்கை சொன்னாள்: “கத்திரிக்காய போட்டுத் தொலைங்களேன். அது மேல எந்தச் சாமி வருது, எவன் வந்து ஓட்டு கேக்குறான்?”

அதுதான் முடிவாயிற்று. தாங்கள் வாணியம்பாடிக் கொல்லனிடம் செய்து அனுப்பிய இரும்பு அச்சைப் பழுக்கக் காய்ச்சி டயரில் வைத்து அழுத்தினோம். ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டது. ஆனால் அடியில் காம்போடு, குல்லாவோடு ஒரு கத்தரிக்காய் விழுந்தது பாருங்கள், பறித்துக் குழம்பு வைக்கலாம் போலிருந்தது. எழுத்துத் தெரியாதவனும் செருப்பைத் திருப்பிப் பார்த்து என் சரக்கு என்று சொல்லிவிடுவான். இதற்கு மேல் ஒரு அதிசயம் நாங்கள் யாருமே நினைக்காதது. ஐப்பசி மழை பெய்து விட்டதும் இங்கே பாதையெல்லாம் செம்மண் சேறு. அந்தச் சேற்றில் என் செருப்புப் போட்டவன் நடந்த இடமெல்லாம் கத்தரிக்காய். சந்தைக்குப் போகும் வழியில் கத்தரிக்காய், சுனைக்குப் போகும் வழியில் கத்தரிக்காய். காசு கொடுக்காமல் மலை முழுக்க நோட்டீஸ் ஒட்டிய மாதிரி! திருப்பத்தூர்க்காரர்கள் குவியலுக்குப் பக்கத்தில் ஈ ஓட்டினார்கள். “கத்திரிக்கா செருப்பு குடு பாய்” என்று ஜனங்கள் என் கடைக்குக் கேட்டு வந்தார்கள். நான் மகிழ்ந்தேன் மச்சான், ஒளிக்காமல் சொல்கிறேன், நடுப்பாதையில் உட்கார்ந்து அந்தச் சேற்றையே பார்த்து மகிழ்ந்தேன். எழுந்திருக்கும்போதுதான் ஒரு சங்கதி கண்ணில் பட்டது. நிறையக் கத்தரிக்காய்கள் வயலுக்கும் போகாமல் சந்தைக்கும் போகாமல் ஓடையைத் தாண்டி ஒரு பாறைக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

என் கண்ணில் பட்டது வேடியப்பன் பெண்சாதி கெங்கம்மாள் கண்ணில் படாமல் போகுமா? சாமையைக் காட்டுப்பன்றி மேய்ந்துவிடும், காவலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு தினமும் சாப்பிட்ட கையோடு கிளம்புகிறவன் வேடியப்பன். அவள் வயலுக்குப் போய்ப் பார்த்தால் பன்றியும் இல்லை, புருஷனும் இல்லை. கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறாள். பாறைக்குப் பின்னால் வேடியப்பன், அவன் பங்காளி லட்சுமணன், இன்னும் ஊரிலுள்ள முக்கால்வாசி ஆம்பிளைகள் வட்டமாக உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். சாமை விற்றது, தேன் விற்றது எல்லாம் எங்கே போகிறது என்று அவ்வளவு நாளாகப் பெண்டுகளுக்குத் தெரியாமல் இருந்த விஷயம், என் மார்க்கால் வெட்டவெளிச்சமானது. அன்றைக்கு ஊருக்குள் நடந்ததை எழுதினால் தபால்காரர் முகம் சிவந்துவிடும், விட்டுவிடுகிறேன்.

அதோடு அடங்கினார்களா? மலைக்காரன் மூளை மலைக்காரன் மூளைதான். மறுநாள் வேடியப்பன் செருப்பை முன்பின்னாகத் திருப்பி, குதிகால் பக்கம் விரல் வர, கயிற்றால் கட்டிக்கொண்டு பாறைக்குப் போயிருக்கிறான். அடியைப் பார்த்தால் ஆள் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும், போன மாதிரி இருக்காது, இது அவன் கணக்கு. சாயங்காலம் கெங்கம்மாள் என் கடை வாசலில் வைத்தே அவனைப் பிடித்துக்கொண்டாள். “காலையிலேர்ந்து வாசல்ல ஒக்காந்து சாமை காய வச்சினு இருக்கேன். ஒரு காக்கா வர்ல. பாறையிலேர்ந்து எவனோ என் வூட்டுக்கு வந்த அடி மட்டும் கீது. யார்யா வந்தது? சொல்லு, நானும் பாக்குறேன்!” வேடியப்பன் அது தன் அடி என்றால் பாறைக்குப் போனது வெளியே வந்துவிடும். வேறு ஆம்பிளை வந்தான் என்று அவனே எப்படிச் சொல்வான்? நான் சிரிப்பை அடக்கப் பெரிய செருப்பு ஒன்றைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

அடுத்து வேறு வழி கண்டார்கள். எல்லாச் செருப்பும் ஒரே கத்தரிக்காய்தானே? “அது என் அடி இல்ல, லட்சுமணன் அடி” என்று வேடியப்பன் சொல்வான். “என்னுது இல்ல, வேடியப்பன்து” என்று லட்சுமணன் சொல்வான்.  பெண்டுகள் அடி நீளத்தைப் புளியங்குச்சியால் அளந்து பார்த்தார்கள். முனிசாமி பாதிச் செருப்பை ஒரே அளவில் வெட்டியிருந்ததால் அதுவும் பலிக்கவில்லை. அந்தக் கோபத்தில் அவர்கள் சும்மா இருப்பார்களா, ஆட்டக்காரனோ இல்லையோ, கத்தரிக்காய் செருப்புப் போட்டவன் எவனுக்கும் சோறு கிடையாது என்று பொதுவாகச் சொல்லிவிட்டார்கள். அன்றோடு என் வியாபாரம் படுத்தது மச்சான். முள் குத்தினாலும் பரவாயில்லை என்று வெறுங்காலோடு நடக்கிறார்கள். வாங்கியவர்கள்கூடத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் போடுகிறார்கள். மார்க் இல்லாதபோது என் செருப்பு யாருக்கும் தெரியவில்லை. மார்க் வைத்த பிறகு என் செருப்பைத் தவிர வேறு எதுவும் யார் கண்ணிலும் படுவதில்லை. ஆடுகிற அந்த நாற்காலி கனவில் வர ஆரம்பித்துவிட்டது.

இப்படி இருக்கையில் நேற்று ஆம்பிளைகள் கூட்டமாக வந்தார்கள். வேடியப்பன்தான் பேசினான். “பாய், உங்க சரக்கு மேல ஒரு கொறையும் இல்ல. கத்திரிக்காய மட்டும் எடுத்துடுங்க. மொட்டை அடியா குடுத்தீங்கன்னா பொங்கலுக்கு மலை மொத்தமும் உங்ககிட்டதான் வாங்கும். நான் ஜவாப்தாரி.” மச்சான், நான் யோசித்தேன். சூது ஹராம்தான். ஆனால் நான் விற்பது செருப்பு, சீட்டுக்கட்டு அல்ல. செருப்பு எங்கே போகிறது என்பதற்கு நான் எப்படி மறுமையில் பதில் சொல்ல முடியும்? இந்த ஊர் எனக்குப் பிடித்துவிட்டது மச்சான். இந்தக் குளிர், இந்தச் சண்டை, இந்த ஜனங்கள், எல்லாமே. மண்டிக்கு வந்தால் செத்துப் போவேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாள் முழுக்கக் கொட்டாவி விடுவேன். ஆகவே சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

தயவுசெய்து இந்தக் கடிதம் கண்டதும் திருப்பத்தூரில் சொல்லி, நன்றாகத் தேய்ந்து வழவழவென்று ஆன லாரி டயராகப் பார்த்து அனுப்ப வேண்டியது. ஒரு கோடுகூட இருக்கக் கூடாது. வாருக்கு நல்ல தோல் அனுப்பவும். அச்சைக் கொல்லனிடமே திருப்பி அனுப்பிவிடுகிறேன். இதெல்லாம் தங்கள் தங்கைக்குத் தெரிய வேண்டாம். கெங்கம்மாளும் அவளும் இப்போது ஒரே முறத்தில் சாமை புடைக்கிறார்கள். அதனால்தான் இதைக் கடையிலும் எழுதாமல் வீட்டிலும் எழுதாமல், ஆள் அரவம் இல்லாத இடமாக, ஓடைக்கு அந்தப் பக்கம் பாறைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில் ஆட்டம் நடக்கிறது, நான் பார்ப்பதோடு சரி. ஒரே ஒரு கை, அதுவும் லட்சுமணன் தண்ணீர் குடிக்கப் போனபோது பிடித்துக்கொண்டேன்.

மாமிக்கு என் சலாம். பிள்ளைகளுக்கு என் அன்பும் துஆவும். தங்கள் மண்டியில் பரக்கத்து பெருகவும், தோலெல்லாம் சுருங்காமல் பதமாக வரவும் ஆண்டவன் அருள்வானாக.

இப்படிக்கு,
தங்கள் சொல்லைத் தட்டாத
அப்துல் கய்யூம்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். ஆம்பிளைகள் எல்லாம் ஓடிவிட்டார்கள். சீட்டு என் மடியில் இருக்கிறது. தங்கள் தங்கை எதிரே நிற்கிறாள், பின்னால் கெங்கம்மாளும் ஊர்ப் பெண்டுகளும் நிற்கிறார்கள். “இன்னாங்க, கடை சாவிய தேடினேன், உங்கள காணோம். கத்திரிக்காய பாத்துகினே வந்துட்டேன்” என்றாள். மலையில் எல்லோரும் வெறுங்காலோடு திரிகையில் கத்தரிக்காய் செருப்போடு வந்தவன் நான் ஒருவன்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். தேய்ந்த டயர் அனுப்பினால் உங்களோடு பேச மாட்டாளாம். அதற்குப் பதிலாகக் கொல்லனிடம் வேறு வேறு அச்சுகள் செய்து உடனே அனுப்ப வேண்டுமாம். வேடியப்பனுக்குப் பூசணி, லட்சுமணனுக்குப் புடலங்காய், இப்படி ஆளுக்கொரு காய். ஒருவன் அடி இன்னொருவன் அடியோடு குழம்பக் கூடாதாம். புருஷன்மாருக்கெல்லாம் பெண்டுகளே வாங்கிக் கொடுக்கிறார்களாம், பக்கத்து ஊர்ப் பெண்டுகளும் கேட்டிருக்கிறார்களாம். போடாதவனுக்குத்தான் இனிமேல் சோறு கிடையாதாம். மண்டி நாற்காலிக்கு வேறு ஆள் பார்க்கச் சொன்னாள். இந்த மலையை விட்டு அவள் இறங்குவதாக இல்லையாம். இதை அவள் சொன்னபோது, சீட்டோடு பிடிபட்டவன் என்பதையும் மறந்து நான் பல்லைக் காட்டிவிட்டேன். அதற்குத் தண்டனையாக என் செருப்பைக் கழற்றி வாங்கி அவளே போட்டுக்கொண்டாள். அவள் காலுக்கு அது ரொம்பப் பெரிது. இதோ முன்னால் தடக் தடக்கென்று நடக்கிறாள். வீட்டுக்கு எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும்; இருந்தாலும் அந்தக் கத்தரிக்காய்களைப் பார்த்துக்கொண்டேதான் போகப் போகிறேன்.