தீக்காக்கைக்கு இரண்டு இன எண்

ஒரு காட்டில், வருஷத்தில் பாதி நாள் மழை பெய்கிற மேற்குச் சரிவில், பவளன், கபிலை என்று ஒரு தீக்காக்கைத் தம்பதி இருந்தது. பெயர்தான் காக்கை, மைனாவைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ஆணுக்குக் கறுப்புத் தலை, சிவந்த மார்பு. பெண்ணுக்கு எல்லாமே தவிட்டு நிறம். அந்த இனத்தில் அப்படித்தான். பட்டுப்போன மரத்தின் பொந்தில் இரண்டு முட்டைகளை வைத்துக்கொண்டு இருவரும் மாற்றி மாற்றி அடைகாத்தார்கள்.

அப்போதுதான் அந்த உத்தரவு வந்தது. பட்ட மரங்களையெல்லாம் யானையை விட்டுத் தள்ளப் போகிறார்களாம். ஒரே இனக் குடும்பம் குடியிருக்கும் மரத்துக்கு மட்டும் விலக்கு. அதற்குச் சான்றிதழ் வேண்டும். முட்டை பொரிக்கப் பத்து நாள் இருந்தது. யானை வர எட்டு நாள்.

இனம் பிரிக்கும் குமாஸ்தா ஒரு தேவாங்கு. இரவில் விழித்துப் பகலில் தூங்கும் பிராணி என்பதால் அதற்குப் பகல் வேலை கொடுத்திருந்தார்கள். அது காலையில் வந்து பொந்துக்குள் எட்டிப் பார்த்து, சிவப்பு மார்பு, இன எண் 411 என்று எழுதியது. மாலையில் சரிபார்க்க வந்தபோது உள்ளே கபிலை இருந்தாள். தவிட்டு மார்பு, இன எண் 412. ஒரே பொந்தில் இரண்டு இனம் சட்டவிரோதக் குடித்தனம் என்று விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது.

பவளன் மூன்று நாள் வரிசையில் நின்றான். அவனுக்கு முன்னால் ஓர் உடும்பு, தன்னைப் பாம்பு என்று எழுதிவிட்டார்களே என்று நான்கு காலையும் தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தது.

“ஒரே இனம்னா ஒரே நிறத்துல இல்ல தம்பி இருக்கணும்?” என்றது தேவாங்கு.

“மயில் மட்டும் என்னங்க ஐயா, ஜோடி ஒரே மாதிரியா இருக்கு?”

“அதோட ஃபைல் மேலிடத்துல இருக்கு. மயிலோட உன்னைச் சேர்த்துப் பேசாதே.”

பவளன் வாடிப்போய் வீடு திரும்பினான். கபிலை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு அவனை முட்டைமேல் உட்காரவைத்துவிட்டு, தானே அலுவலகத்துக்குப் போனாள். 412-இல் மொத்தம் எத்தனை பேர் என்று விசாரித்தாள். ஒருத்திதான். 411-இல்? ஒருத்தன்தான். அப்படியானால் இரண்டு இனமும் அழியும் நிலையில் இருக்கின்றனவே, மரம் விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டாள். தேவாங்குக்கு அன்றுதான் பகலில் முழுசாக விழிப்பு வந்தது.

எட்டாம் நாள் யானை வந்தது, மரத்துக்குக் காவலாக. சுற்றிலும் பிரம்பு வேலி போட்டார்கள். தேவாங்கு வந்து, முட்டை யாருடையது என்று கேட்டது. பவளன் வாயைத் திறப்பதற்குள் கபிலை முந்திக்கொண்டு, தெரியவில்லை, வந்தபோதே இங்கே கிடந்தது என்றாள். முட்டைக்கு 413 கிடைத்தது. வேலியை இன்னும் உயர்த்தினார்கள்.

பத்தாம் நாள் குஞ்சுகள் பொரிந்தன. பவளன் வாயில் வெட்டுக்கிளியோடு பறந்து வந்தான். யானை மறித்து, உள்ளே இருக்கும் அம்மாளுக்கு நீ என்ன வேண்டும் என்று கேட்டது. வெட்டுக்கிளியைக் காலடியில் வைத்துவிட்டுப் பவளன் கொஞ்சம் யோசித்தான். உள்ளேயிருந்து பசித்த சத்தம் கேட்டது.

“ஒண்ணும் இல்லீங்க,” என்றான். “பக்கத்து இனம்.”

யானை வழிவிட்டது.

நீதி: கணவன் மனைவி என்றால் பட்ட மரம்கூடக் கிடைக்காது. முன்பின் தெரியாதவர்கள் என்றால் வாசலில் யானை கட்டுவார்கள்.