சுவர்நிரப்பியும் யாரோ தைத்த ஃபெர்ரியும்

முதலில் வெற்றிப் பட்டியல். என் தங்கை பிரமிளா, எதிரிகள் பலராக இருந்தும், வென்று வீட்டுக்குக் கொண்டுவந்தவை இவை: குப்பை லாரி விழுங்குவதற்கு அரை நிமிடம் முன்னால் இழுத்துப்போட்ட பச்சை ஜன்னல் கதவு ஒன்று; குடியிருந்த பூச்சிகளின் எதிர்ப்பை மீறிக் கைப்பற்றிய, பினாங்குத் தீவின் பாலிக் புலாவில் ஜாதிக்காய் காயவைத்த மூங்கில் தட்டு இரண்டு; ஒரு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும் ஒரு முனையைப் பிடித்திருக்க, மறுமுனையை விடாமல் பிடித்து மீட்ட, மலாய்க்காரர்களின் சொங்கோக் தொப்பிக்கு வடிவம் கொடுக்கும் மரக்கட்டை ஒன்று; கணவர் சுகுமாரன் மீன்தொட்டி வைக்கப் பதினொரு வருடம் ஆசைப்பட்ட பின்பக்க அறை முழுவதும்; இதற்கெல்லாம் முன்னால், இரண்டாம் வகுப்பு ஆசிரியை ஒருவரின் அடிமட்டக் கோலிடமிருந்து காப்பாற்றிய தன் இடது கை.

கடைசியாகச் சொன்னது பாதி வெற்றிதான். எழுதுவது வலது கையால்தான் என்று ஆசிரியை தீர்ப்புச் சொல்லிவிட்டார். மற்ற வேலைகளுக்கெல்லாம் இடது கை பிரமிளாவிடமே தங்கியது.

அக்கா என்ற முறையில் எனக்குப் பெருமைதான். இருந்தாலும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். என் தங்கை ஒரு சுவர்நிரப்பி.

இந்த இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, கோயிலுக்கும் போகாமல் பாசாருக்கும் போகாமல், லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் தரையில் விரித்த தார்ப்பாய்மேல் குனிந்து நிற்பவர் இவர். துருப்பிடித்த எதைக் கண்டாலும் முதலில் எடுத்து முகர்வார். பிறகு விரல்முட்டியால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்பார். பிறகு கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்ப்பார். பிறகு வேண்டாதவர்போல் கீழே வைத்துவிட்டு நாலடி நடப்பார். வேறொருவர் அதைத் தொட்டுவிட்டால் ஓடிவந்து பறிப்பார். "இத வச்சி என்னடி செய்யப் போற?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் எப்போதும் ஒன்றுதான். "இத வச்சி ஒண்ணு செய்யலாம்கா."

அந்த ஒண்ணு என்ன? அவருக்கே தெரியாது. ஆனால் ஒரு வாரத்தில் அது சுவரில் இருக்கும்.

பிரமிளாவின் கைவேலை அறைக்கு வந்தீர்களானால், அந்தப் பச்சை ஜன்னல் கதவு சுவரில் தொங்கும், அதன் பலகை இடுக்குகளில் பதினேழு கத்தரிக்கோல்கள் வரிசையாகச் செருகியிருக்கும். ஜாதிக்காய்த் தட்டுகள் நிமிர்ந்து நின்று நூல்கண்டுகளை நிறவாரியாகச் சுமக்கும். சொங்கோக் கட்டை ஊசிக்குத்தியாகிவிட்டது. கோப்பிக்கடை பிஸ்கட் டின்களில் பொத்தான்கள், சைக்கிள் சக்கரத்தில் ரிப்பன்கள், தாத்தாமார்கள் வெற்றிலை துப்பிய பித்தளைப் படிக்கத்தில் ஓவியத் தூரிகைகள். பூப்போட்ட எனாமல் தட்டுகள் பன்னிரண்டு, கடிகார எண்களைப்போல் வட்டமாக. கண்ணை எங்கே வைத்தாலும் ஓர் அழகு. கையை எங்கே வைத்தாலும் ஒரு திட்டு. "அங்க வைக்காத லா! அது டிஸ்ப்ளே!"

சுவர்நிரப்பியின் வீட்டில் உயிரோடு இருக்கும் சாமான்களுக்குத்தான் ஆபத்து. சுகுமாரன் ஒரு நாள் பேட்மிண்டன் விளையாடக் கிளம்பினால் மட்டையைக் காணோம். அது எனாமல் தட்டுகளுக்கு நடுவில் கடிகார முள்ளாக நின்றுகொண்டிருந்தது.

"அக்கா, எனக்கு வர்ற வருசம் அறுபது," என்று அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "அந்த ரூம் பக்கம் போனா நான் நிக்காம நடந்துகிட்டே இருக்கேன்."

அடுத்தது மாட்டும் சடங்கு. இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தூரத்தில் நின்று ஒற்றைக் கண்ணை மூடிக்கொள்ள. ஒருவர் ஏணிமேல் நின்று கை வலிக்க. ஏணிமேல் நிற்பது நான்.

"கொஞ்சம் மேலக்கா."

"இப்போ?"

"கொஞ்சம் கீழ."

"முன்ன இருந்த எடத்துக்கே வந்துட்டேன்டி."

"ஆமா. அங்கதான் நல்லா இருக்கு. நீ ஏன் மேல ஏத்துன?"

நான் அதிகம் படிக்கவில்லை. மூன்றாம் படிவத்தோடு நிறுத்திவிட்டு பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்து, முப்பத்திரண்டு வருடம் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். உருப்பெருக்கிக்குக் கீழே கண்ணை வைத்து, மயிரிழைக் கம்பியில் தப்புப் பார்ப்பது வேலை. அந்தப் பழக்கம் போகவில்லை. ஆணி அடித்தால் ரசமட்டம் வைத்துத்தான் அடிப்பேன். ஒவ்வொரு பொருளுக்கும் பின்னால் தொழிற்சாலையில் கட்டுவதுபோல் ஒரு சீட்டுக் கட்டுவேன்: பொருள், கிடைத்த இடம், நாள், செய்தவர்.

செய்தவர் என்ற இடத்தில் பிரமிளா எப்போதும் ஒரே பதிலைத்தான் சொல்வாள். "யாரோ."

சுவர்நிரப்பிகள் உலகத்திலேயே அதிகம் மதிப்பது இந்த யாரோவைத்தான். யாரோ சாப்பிட்ட தட்டு, யாரோ மூடிய கதவு, யாரோ துப்பிய படிக்கம். பக்கத்தில் நிற்கும் ஆளுக்கு நாற்காலி போடமாட்டார்கள். யாரோ உட்கார்ந்த நாற்காலிக்குக் கண்ணாடிப் பெட்டி செய்வார்கள்.

போன தீபாவளிக்குப் பிறகு அந்த அறைக்கு ஒரு படம் வந்தது. துணித்துண்டுகளை வெட்டி ஒட்டித் தைத்த படம். கடலில் பழைய ஃபெர்ரி, மேல்தட்டில் குடையோடும் கூடையோடும் நெருக்கியடித்த சனம், பின்னால் பினாங்குக் கரை. துணி மங்கிப் பழுப்பேறி, சட்டத்தில் கரையான் அரித்த ஓட்டைகள். லோரோங் கூலிட்டில் ஒரு கிழவரிடம் கிடைத்தது என்றாள் பிரமிளா. "யாரு தச்சது?" "யாரோ." சீட்டில் எழுதினேன்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அதன்முன் நின்றார்கள். பெருமூச்சு விட்டார்கள். கப்பலில் வேலைக்குப் போன புருசனுக்காக ஒருத்தி காத்திருந்து தைத்திருப்பாள் என்று ஒருவர் சொன்னார். அடுத்து வந்தவர்களிடம் அந்தக் கதையைச் சொன்னது யார் என்கிறீர்கள்? நான்தான். அந்த ஒருத்திக்கு இரண்டு பிள்ளைகளையும் சேர்த்துச் சொன்னேன்.

கடைசியில் ஜாஹிர் வந்தார். சூலியா தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் பத்து அறை வைத்துச் சின்ன ஹோட்டல் நடத்துகிறார். அவரும் சுவர்நிரப்பிதான், ஆனால் அவருக்குச் சுவர்கள் அதிகம்.

"சுதந்திரத்துக்கு முந்தினது நவமணிக்கா," என்றார் கையைக் கட்டிக்கொண்டு. "பாத்தாலே தெரியுது. இந்த மாதிரி தையல் இப்ப யாருக்குக்கா வருது? பொங்கலுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கிறேன். வாசல்லயே மாட்டுறேன். வர்ற போற எல்லாரும் பாப்பாங்க."

பிரமிளா தலையாட்டினாள். முகத்தில் ஒரு சந்தோசம். ஏதோ பரீட்சையில் தேறியவள்போல் இருந்தாள். பொருளை விற்றவள் முகம் அப்படியா இருக்கும்? அன்று எனக்கு அது தோன்றவில்லை.

அந்த ஞாயிற்றுக்கு முதல் நாள், சனிக்கிழமை, சுகுமாரன் அறை வாசலில் இருந்தே கூப்பிட்டார். "அக்கா, ஃபெர்ரில பயணிங்க ஏறிகிட்டு இருக்காங்க."

போய்ப் பார்த்தேன். எறும்புகள். சுவரோரமாக வரிசை கட்டிவந்து, சட்டத்தைத் தாண்டி, நேராகக் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தன.

படத்தை இறக்கினேன். பழைய உருப்பெருக்கியை எடுத்தேன். சட்டத்தைக் கழற்றிப் பின்பக்கம் திருப்பினேன். இரண்டு மாதமாக அந்தப் படத்தைத் தொங்கவிட்ட ஆணியைத்தான் பரிசோதித்திருக்கிறேனே தவிர, படத்தைப் பரிசோதிக்கவில்லை. வலது கைக்காரர் தைத்தால் தையல் ஒரு பக்கம் சாயும். இடது கைக்காரர் தைத்தால் மறுபக்கம் சாயும். இது மறுபக்கம் சாய்ந்திருந்தது. கடலை முகர்ந்தேன். கோப்பி வாசம். முன்பக்கம் திருப்பினேன். ஃபெர்ரிக்குப் பின்னால், கரைமேல், சாம்பல் நிறத் துணியில் உருண்டையாக, உயரமாக, சுதந்திரத்துக்கு முந்திய பினாங்கில் நின்றுகொண்டிருந்தது கொம்தார் கட்டடம். நான் தொழிற்சாலையில் சேர்ந்த பிறகுதான் அதைக் கட்டி முடித்தார்கள்.

பிரமிளாவைக் கூப்பிட்டேன்.

"யாருடி தச்சது?"

"யாரோன்னு சொன்னேன்ல."

"அந்த யாரோவுக்கும் இடது கையா?"

அவள் சட்டத்தை எடுத்து அதன் ஓட்டைகளைத் தடவினாள்.

"எறும்பு எதுக்கு வருது?"

"பழைய மரம்கா. அப்படித்தான் வரும்."

"மரத்துக்கு வரல. கடலுக்கு வருது. கடல்ல சீனி இருக்கு."

அவள் ஊசிக்குத்தியைப் பார்த்தபடி சொன்னாள். "கடையில பால் போடாத கோப்பி ஓ வாங்கி அதுல ஊற வச்சேன். பழுப்பாகணும்னு."

"சீனி போடாத கோசோங் வாங்கியிருக்கக் கூடாதா?"

"அவசரத்துல மறந்துட்டேன்கா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

"ரெண்டு வருசத்துக்கு முன்ன ஒரு குடைப்படம் தச்சி இதே எடத்துல மாட்டினேனே, ஞாபகம் இருக்கா? நான் தச்சதுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். என்ன சொன்னாங்க? 'நல்லா இருக்கே, பொழுது போகுதா?' அவ்வளவுதான். நேரா அந்தப் படிக்கத்துக்கிட்ட போய் நின்னு 'ஐயோ எவ்வளவு அழகு'ன்னாங்க."

"அவங்களுக்கு என்ன தெரியும்?"

"நீ என்ன சொன்னன்னு தெரியுமாக்கா? 'ஆணி நேரா இருக்கு'ன்னு சொன்ன."

முப்பத்திரண்டு வருடத்தில் எந்த மேலாளரும் என்னை இப்படித் திட்டியதில்லை.

"நாளைக்கு ஜாஹிர் எடுத்துட்டுப் போகட்டும்கா," என்றாள் பிரமிளா. "எம்பேர் தெரியலன்னா போகுது. படத்தயாவது நின்னு பாப்பாங்கல்ல?"

"எங்க ஃபேக்டரி லைன்ல செஞ்சவங்க நம்பர் இல்லாம ஒரு சாமான் வெளிய போகாது."

"அது தப்பு வந்தா ஆளப் புடிக்க."

"ஆமா. தப்பு செஞ்சவளையே தேடிப் புடிப்போம். ஒழுங்கா செஞ்சவள மட்டும் விட்டுருவமா?"

அவள் அறையை விட்டுப் போய்விட்டாள். நான் புதிதாக ஒரு சீட்டு எழுதினேன். செய்தவர் என்ற இடத்தைக் காலியாக விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜாஹிர் சுற்றும் பிளாஸ்டிக்கோடு வந்தார். படத்துக்குக் கீழே வைக்க ஓர் அட்டையும் அச்சடித்து வந்திருந்தார். பிரமிளா வாங்கிப் படித்தாள். "பெயர் தெரியாத பெண் ஒருவர் தைத்தது. ஏறத்தாழ 1950." இரண்டாம் முறையும் படித்தாள்.

"இதுல கொம்தார் இருக்கு தம்பி," என்றாள்.

"எங்கக்கா?"

"ஃபெர்ரிக்குப் பின்னால."

ஜாஹிர் குனிந்து பார்த்தார். "அலாமாக்! அத நான் புகைபோக்கின்னு நெனச்சேன்."

"நான்தான் தச்சேன்."

"நீங்களா?" அவர் நிமிர்ந்தார். "அப்போ பழசு இல்லயா?"

"மூணு மாசம்."

ஜாஹிர் படத்தைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். நல்ல மனிதர்; மனது கேட்கவில்லை. "பரவால்லக்கா. வாசல்லயே மாட்டுறேன், சொன்ன சொல்லு மாறமாட்டேன். பேரு மட்டும் போட்டுறாதீங்க. பேரு இருந்தா புதுசா தெரிஞ்சிரும்."

பிரமிளா என்னைத் திரும்பிப் பார்த்தாள். இந்த முறை நான் ஆணியைப் பார்க்கவில்லை.

அவள் சொங்கோக் கட்டையிலிருந்து ஓர் ஊசியை உருவினாள். ஜாதிக்காய்த் தட்டிலிருந்து சிவப்பு நூல். வலது கையால் அவள் வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் போடும் கையெழுத்தை நான் பார்த்திருக்கிறேன். அடி வாங்கிய பிள்ளை மாதிரி ஓரமாக ஒண்டியிருக்கும். இப்போது ஊசி இடது கையில் இருந்தது. கடலின் வலப்பக்க மூலையில், எறும்பைத் தட்டிவிட்டு, நாலெழுத்தும் அதன் கீழே தேதியும் தைத்தாள். ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். நேராக இருந்தது. கையெழுத்தைச் சொல்கிறேன்.

ஜாஹிர் முடியும்வரை பொறுமையாக நின்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தப் படிக்கத்தைக் கொடுப்பீர்களா என்று கேட்டார். தூரிகைகளைக் கொட்டிவிட்டுக் கொடுத்தோம். குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போனார். இப்போது அது அவர் ஹோட்டல் வாசலில், விளக்கு வெளிச்சத்தில், சின்ன மேடைமேல் இருக்கிறது. யாரோ துப்பியது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் சுவரை ஒருமுறை பாருங்கள். முன்பின் தெரியாத எத்தனை யாரோக்கள் அங்கே ஆணியில் தொங்குகிறார்கள்? உங்கள் வீட்டு ஆள் கையால் செய்தது ஒன்றாவது உண்டா? அதை அவர் உங்களிடம் கொண்டுவந்து காட்டிய அன்று என்ன சொன்னீர்கள்? "பொழுது போகுதா?" என்றீர்களா, அல்லது என்னைப்போல் ஆணியைப் பாராட்டினீர்களா? உங்களையும் இந்த இனத்தில் சேர்த்துவிடலாமா என்று நான் கேட்கவில்லை. உங்கள் வீட்டில் ஏதாவது படத்துக்கு எறும்பு வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபெர்ரி பழைய இடத்துக்கே வந்துவிட்டது. அந்தச் சீட்டை இப்போது பின்பக்கம் கட்டவில்லை. முன்பக்கம், எல்லாரும் படிக்கும்படி தொங்கவிட்டிருக்கிறேன். பொருள்: துணிப்படம். கிடைத்த இடம்: இதே அறை. செய்தவர்: பிரமிளா, என் தங்கை. பெயர் போட்ட நாள்: ஞாயிற்றுக்கிழமை, 21 ஜனவரி 2024.